வெளியே திறக்கும் கதவு

“உள்ளங்கை அகலம் போதும்,” என்றார் உலகம்மை. “அதுக்கு மேல கொத்த வேண்டாம், அண்ணாச்சி.”

பலவேசம் கொத்தனார் உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். முகப்புச் சுவரிலிருந்து சிமெண்டுப் பூச்சு அப்பளம் போலப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல். செங்கலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மரச்சட்டத்தின் விளிம்பு.

“இது அந்தக் காலத்து வாசல் நிலை,” என்றார் பலவேசம். “இப்ப இருக்கிற வாசலைப் போல ரெண்டு பங்கு அகலம் இருந்திருக்கு. பாதியை அடைச்சிருக்காங்க.”

குற்றாலிங்கத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. “பாத்தீங்களா அம்மை? நான் சொன்னேன்லா? பூசினதை எடுத்தா உள்ள வேற ஒரு வீடு இருக்கு.”

உலகம்மை சுவரில் திறந்திருந்த அந்த உள்ளங்கை அகலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குற்றாலிங்கத்துக்கு வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் வக்கீலாக இருந்துவிட்டுக் கோட்டைக் கழற்றி வைத்தவர். மனைவி இல்லை. பிள்ளைகளும் இல்லை. ஆறு வருஷமாக வாரம் ஒருமுறை மலையடிவாரத்துத் தகரக் கொட்டகைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். உலகம்மை அங்கே மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றியபடி, வருகிறவர்கள் கேட்பதற்கு ஒன்றிரண்டு வார்த்தை சொல்வார். பல நாள் அதுவும் சொல்ல மாட்டார். அவர் குற்றாலிங்கத்தைவிடப் பத்து வயது இளையவர். காவி கட்டியதில்லை. கூட ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோருமே எதையாவது முற்றாக விட்டுவிட்டு வந்தவர்கள்.

குற்றாலிங்கம் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “என்னையும் சேத்துக்கிடுங்க அம்மை.”

“வீட்டை முதுகுல வச்சுக்கிட்டே வர்றீங்களே, வக்கீலய்யா,” என்பார் அவர்.

இந்த வருஷம் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு போயிருந்தார். வீட்டைக் கொடுத்துவிடுவது. ஆனால் இப்போதிருக்கும்படி அல்ல. எழுநூறு வருஷத்துப் பண்ணை வீடு அது என்று குடும்பத்தில் சொல்வார்கள். ஒவ்வொரு தலைமுறையும் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு உருத்தெரியாமல் ஆக்கிவிட்ட வீடு. பின்னால் சேர்ந்ததை எல்லாம் உரித்துவிட்டால் நடுவில் உள்வீடு நிற்கும். ஒரே ஓர் அறை. முழுக்கக் கல். குலத்தின் முதல் மனிதர், ‘உள்வீட்டுப் பெரியவர்’, தவம் இருந்த இடம். அதை மட்டும் அம்மைக்குக் கொடுத்துவிட்டு, மிச்ச நாளை அம்மையின் ஆளாக அதற்குள்ளேயே உட்கார்ந்து கழிப்பது.

கேட்டதும் உலகம்மை பீடி இலையைக் கீழே வைத்தார். அவர் அப்படிச் செய்வது அபூர்வம்.

“அந்த அறைக்குக் கதவு எப்படித் திறக்கும்?”

“வெளியே பாத்துத் திறக்கும், அம்மை. ஊர்ல வேற எந்த வீட்லயும் அப்படிக் கிடையாது. அருள் வெளிய வரணும்னு அப்படி வச்சிருக்காங்க.”

உலகம்மை நான்கு பீடிகளைச் சுற்றி நூல் கட்டினார். பிறகு, “வெள்ளிக்கிழமை வர்றேன். பாத்துட்டுப் பதில் சொல்லுதேன்,” என்றார். “அதுவரைக்கும் ஒண்ணையும் இடிச்சிராதீங்க. எங்கெங்க ஒட்டு இருக்கோ, அங்கங்க உள்ளங்கை அகலம் கொத்திப் பாத்தா போதும்.”

அந்தப் பதிலுக்காகத்தான் குற்றாலிங்கம் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் அவர் பின்னால் நடந்துகொண்டிருந்தார்.

“இதை யாரு அடைச்சது?” என்று கேட்டார் உலகம்மை.

“அப்பா.”

“எதுக்கு?”

“வாசல் சின்னதா இருந்தா வீடு குளுமையா இருக்கும்னு.”

பலவேசம் தொண்டையைச் செருமினார். உலகம்மை அவர் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சிக்கு வேற ஏதும் தெரியுமா?”

“எனக்கு நாலு வயசு இருக்கும்,” என்றார் பலவேசம், உளியின் முனையைத் துடைத்துக்கொண்டே. “அந்தப் போகம் அறுப்புக்குக் கூலி நெல்லு ஒரு மரக்கா கூடக் கேட்டு, எங்க கீழத்தெரு மொத்தமும் இங்கன வந்து நின்னுச்சு. நான் எங்கய்யா தோள்ல இருந்தேன். பாதிப் பேரு வாசலுக்குள்ளயே வந்துட்டாங்க. மறுவாரம் எங்கய்யாவைக் கூப்பிட்டு அனுப்பினாங்க, வாசலைச் சின்னதாக்கணும்னு. எங்கய்யாதான் அடைச்சாரு.” அவர் செங்கல் வரிசையைத் தடவிப் பார்த்தார். “அவரு கட்டுதான். மூலைக்கு மூலை முக்கால் செங்கல் வைப்பாரு.”

“அப்பா கோவக்காரர்,” என்றார் குற்றாலிங்கம். “அதெல்லாம் போகட்டும். இது பின்னால வந்ததுதானே. மூலம் இல்லையே.”

“அதுவும் சரிதான்,” என்றார் உலகம்மை. “உள்ள போவோம்.”

மாடிக்கு ஏறினார்கள். அது தாத்தா எழுப்பியது. தேக்கு உத்தரம். களத்து மேட்டைப் பார்த்த ஒரு பெரிய ஜன்னலில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கண்ணாடி. வெயில் விழுந்தால் தரையெல்லாம் நிறம். ஜன்னலுக்கு முன்னால் கை வைத்த நாற்காலி ஒன்று இன்னும் கிடந்தது.

“தாத்தா ரசிகர்,” என்றார் குற்றாலிங்கம். “கண்ணாடியைக் கொழும்புல இருந்து கப்பல்ல வரவழைச்சார்.”

“நல்லா இருக்கு,” என்றார் உலகம்மை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். நெல்லடிக்கும் களம் ஒரு மூலை விடாமல் தெரிந்தது. “கீழ இருந்து பாத்தா என்ன தெரியும், அண்ணாச்சி?”

“கலர் தெரியும்.”

“ஆள் தெரியுமா?”

“தெரியாது. அய்யா உக்காந்திருக்காரா, தூங்கப் போயிட்டாரான்னு கண்டுக்கிட முடியாது. அதனால எப்பவும் உக்காந்திருக்காருன்னுதான் வேலை நடக்கும்.” பலவேசம் சிரித்தார். “அவரு செத்து பதினாறு முடியுற வரைக்கும் களத்துல ஒருத்தரும் குத்தவைக்கலேன்னு எங்கம்மா சொல்லுவா.”

குற்றாலிங்கமும் சிரித்து வைத்தார். “இதுவும் போகட்டும் அம்மை. மேல்மாடி முழுக்கப் போகட்டும்.”

இறங்கி முற்றத்துக்கு வந்தார்கள். முற்றத்தை நடுவில் வெட்டிக்கொண்டு ஆளுயரத்துக்கு ஒரு சுவர் போயிற்று. சுவரின் நடுவே கிணறு. கிணற்றையும் விடாமல் அதன் வாய்க்குக் குறுக்கே ஒரு கல்லைப் போட்டு, மேலே சுவரை எழுப்பியிருந்தார்கள். இந்தப் பக்கம் அரைவட்டம், அந்தப் பக்கம் அரைவட்டம்.

“அண்ணன் தம்பி பாகப்பிரிவினை,” என்றார் குற்றாலிங்கம். “அஞ்சு தலைமுறைக்கு முன்னால. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல இறைச்சா வாளி ரெண்டும் உள்ள முட்டிக்கும். அதுல ஒருதரம் ஒருத்தர் மண்டை உடைஞ்சு, வழக்கு மதுரை வரைக்கும் போச்சு. அந்தப் பக்கத்து வம்சம் அத்துப்போச்சு. சுவர் மட்டும் நிக்குது.”

“தண்ணி?”

“தண்ணி அடியில ஒண்ணுதான்.” இதைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு தத்துவச் சாயல் வந்தது. அம்மை அதைக் கவனிப்பார் என்று எதிர்பார்த்தார்.

உலகம்மை கிணற்றை எட்டிப் பார்த்தார். “இறைக்கிறது யாரு?”

“வேலைக்காரங்கதான்.”

“அப்போ முட்டிக்கிட்டது அவங்க வாளி. உடைஞ்ச மண்டையும் அவங்கள்ல ஒருத்தர் மண்டைதானே?”

குற்றாலிங்கம் யோசித்தார். வழக்குக் கட்டை அவரே ஒருமுறை படித்திருந்தார். வாதி பெயரும் பிரதிவாதி பெயரும் நினைவிருந்தன. மண்டை உடைந்தவன் பெயர் நினைவில்லை.

“இதுவும் மூலம் இல்லை,” என்றார்.

பின்கட்டில் இன்னும் பழைய மண்சுவர் ஒன்று இருந்தது. இரண்டு முழக் கனம். அதில் முழங்கால் உயரத்தில் ஒரு கல் தூம்பு, உள்ளிருந்து வெளியே சாய்வாக இறங்கியது. பலவேசம் அதைச் சுற்றிக் கொத்தப் போனார். உலகம்மை வேண்டாமென்று கையைக் காட்டினார். அது என்னவென்று கேட்டதற்குக் குற்றாலிங்கம், “நீர்ப்போக்கு,” என்றார். அதே நேரத்தில் பலவேசம், “கஞ்சித் தூம்பு,” என்றார்.

இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டார்கள்.

“தண்ணி போறதுன்னா தரையோட தரையா இருக்கணும்,” என்றார் பலவேசம், தணிந்த குரலில். “இது வெளிய குத்தவச்சுக் கையேந்துறவன் கைக்கு நேரா இருக்கு. உள்ள இருந்து ஊத்துவாங்க. ஆள் முகத்தைப் பாக்க வேண்டாம்லா.”

உலகம்மை குனிந்து தூம்பின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினார். கல் கண்ணாடி போல வழுவழுத்திருந்தது.

“இதெல்லாம் நடந்ததுதான் அம்மை. நான் மறைக்கலை,” என்றார் குற்றாலிங்கம். “அதனாலதான் உரிக்கணும்கிறேன். சேர்ந்ததெல்லாம் அழுக்கு. ஆனா ஆரம்பம்னு ஒண்ணு இருக்குல்லா? அது சுத்தமாத்தானே இருக்கும்?”

“பாப்போம்,” என்றார் உலகம்மை. “பசிக்குது.”

கூடத்தில் சமையற்காரர் அம்மைக்கும் குற்றாலிங்கத்துக்கும் நுனி இலை போட்டிருந்தார். உலகம்மை தான் கொண்டுவந்த தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், வேப்பமரத்தடியில் பலவேசத்துக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். குற்றாலிங்கம் நிலைப்படியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

“வக்கீலய்யா, உங்க இலை காத்துல பறக்கப் போவுது. போய் உக்காருங்க.”

“எனக்குப் பசியில்லை, அம்மை.”

“அப்போ நின்னுக்கிட்டே பேசுங்க.”

பலவேசம் அவசர அவசரமாகச் சாப்பிட்டார். சாயங்காலம் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்.

“ஏன், வீட்ல யாரும் இல்லையா?”

“இல்லை. கயித்தைக் கட்டிட்டு வந்திருக்கேன்.”

குற்றாலிங்கத்துக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்தது. “அம்மை, இது ஒரு வேடிக்கை. கீழத்தெருல எந்த வீட்டுக்கும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. கான்கிரீட் வீடு கட்டிட்டாங்க, டிவி வாங்கிட்டாங்க. வெளிய கிளம்பினா கதவைக் கயித்தால கட்டிட்டுப் போவாங்க. நான் எத்தனை திருட்டு வழக்கு பாத்திருக்கேன்! ‘பூட்டினியா?’ன்னு ஜட்ஜ் கேட்பார். ‘கட்டினேன் எசமான்’னு சொல்லுவாங்க. கோர்ட்டே சிரிக்கும்.”

பலவேசமும் சிரித்தார். “என் வீட்டுக்காரி வெளியூர்க்காரி. வந்த புதுசுல தாழ்ப்பாள் வாங்கிட்டு வந்து சண்டை போட்டா. எங்கம்மா அதைத் தூக்கிக் குளத்துல எறிஞ்சிட்டா. வெளிப்பக்கம் தாழ் வச்சா வம்சம் உள்ள கிடந்து தவிக்குமாம். என்ன எழவோ. பழக்கம்.”

“உள்ள கிடந்து தவிக்கும்னா சொன்னாங்க?” என்றார் உலகம்மை.

“ஆமா.”

“எத்தனை தலைமுறையா?”

“யாருக்குத் தெரியும்? எங்க பூட்டனுக்குப் பூட்டனும் கயிறுதான்.”

உலகம்மை சட்டியைக் கவிழ்த்துக் கை கழுவினார். “எனக்குப் பதினோரு வயசுல பீடி இலை வெட்ட ஒரு குடோன்ல விட்டாங்க,” என்றார், சட்டியிடம் சொல்வதைப் போல. “காலையில எங்களை உள்ள விட்டுட்டு வெளிய தாழ் போட்டுருவாங்க. கணக்கு முடிஞ்சாத்தான் திறப்பாங்க. அதுல இருந்து எந்த அறைக்குப் போனாலும் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்குன்னுதான் முதல்ல பாப்பேன். அதுவும் பழக்கம்தான்.”

வெயில் சாயத் தொடங்கியபோது உள்வீட்டுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

குற்றாலிங்கம் செருப்பில்லாத கால்களை ஒருமுறை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கருங்கல் பலகைகளை நிறுத்திக் கட்டிய அறை. ஜன்னல் இல்லை. வாசலுக்கு இரண்டு பக்கமும் சுவரிலிருந்து ஒரு சாண் துருத்திக்கொண்டு இரண்டு கல்தூண்கள். தூண்களில் மார்பு உயரத்தில், ஒன்றுக்கொன்று எதிராக, சதுரமாக இரண்டு குழிகள். குழிகளைச் சுற்றிச் சந்தனம், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு. விரலால் தொட்டால் விரல் கறுக்கும்.

“இதுதான் அம்மை, உள்வீட்டுப் பெரியவர் இடம்,” என்றார். குரல் தானாகத் தாழ்ந்தது. “வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துல கதவைச் சாத்திட்டு, ரெண்டு மாடத்துலயும் விளக்கு வைப்போம். இடது மாடம் நாலு விரக்கடை ஆழம். அது எரியும். வலது மாடம் ஆழம் தெரியாது. தோள் வரைக்கும் கை போகும். அதுல அகலை வச்சு, குச்சியால உள்ள தள்ளணும். தள்ளத் தள்ளத் திரி மங்கி அணைஞ்சிரும். அணைஞ்சா, பெரியவர் வாங்கிக்கிட்டார்னு அர்த்தம். அதுக்கப்புறம்தான் வீட்ல ராத்திரிச் சோறு.”

“அணையலேன்னா?”

குற்றாலிங்கம் வலது மாடத்தைப் பார்த்தார்.

“எனக்குத் தெரிஞ்சு ஒரே தடவைதான் அணையலை. என் சம்சாரம் படுக்கையில கிடந்தப்போ. வெகுநேரம் எரிஞ்சுது. நான் இங்கனதான் விழுந்து அழுதேன். அடுத்த செவ்வாய்க்கிழமை போயிட்டா.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அதனால எனக்கு இது கல்லு இல்லை, அம்மை. இந்த வீட்ல எது பொய்யா இருந்தாலும் இது பொய் இல்லை.”

உலகம்மை தலையசைத்தார். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு தயக்கம் தெரிந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைக்கிறவரைப் போல வந்த வழியைப் பார்த்தார். பிறகு, “அண்ணாச்சி,” என்றார்.

“இங்க கொத்த ஒண்ணும் இல்லை, அம்மை,” என்றார் பலவேசம். “பூச்சு கிடையாது. ஒட்டு கிடையாது. வச்சது வச்சபடி இருக்கு.”

“சும்மா பாருங்க.”

பலவேசம் குற்றாலிங்கத்தைப் பார்த்தார். இந்த வாசலுக்கு இவ்வளவு கிட்டே அவர் வந்ததில்லை. குற்றாலிங்கம் பெருந்தன்மையோடு கண்ணால் அனுமதி கொடுத்தார். பலவேசம் வலது குழிக்குள் கையை விட்டார். கை தோள் வரைக்கும் போயிற்று. எடுத்துப் புகைக்கரியை முகர்ந்தார். குழியின் கீழ்விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். அங்கே கல் ஒரு பக்கமாகக் குழைந்து தேய்ந்திருந்தது, கிணற்றுக் கல்லில் கயிறு தேய்த்த மாதிரி.

“எதையோ இழுத்து இழுத்துத் தேஞ்சிருக்கு,” என்றார்.

இடது குழியைப் பார்த்தார். மறுபடி வலது குழியைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். பிறகு சுவரோரம் சாத்தி வைத்திருந்த தன் கடப்பாரையைப் பார்த்தார்.

அதன் நீளத்தை வாசலின் அகலத்தோடு கண்ணால் அளந்தார்.

“வக்கீலய்யா,” என்றார் உலகம்மை, “உள்ள போய் உக்காருங்க.”

குற்றாலிங்கத்துக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. “இப்பவேயா?”

“நீங்க கேட்ட இடம்தானே?”

அவர் கதவைத் தன் பக்கமாக இழுத்துத் திறந்து, குனிந்து உள்ளே போனார். கிழக்குச் சுவரோரம் சாமிப் படங்கள் வைத்த மர அடுக்கு. அதற்குப் பக்கத்தில் கல்லில் ஒரு வழுவழுப்பான பள்ளம் இருக்கும். பெரியவர் முதுகு சாய்த்த இடம். பிறந்ததிலிருந்து பார்த்து வருகிற பள்ளம். அதில் முதுகைச் சாய்த்துச் சம்மணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடினார். கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது. பிறகு இரும்பு கல்லில் உரசும் ஓசை. இழுத்தாற்போல ஒரு நீண்ட உரசல், முடிவில் ‘ணங்’ என்று ஒரு சத்தம்.

அம்மை விளக்கு வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

அமைதி வந்தது. அவர் எதிர்பார்த்த அமைதிதான். கொஞ்ச நேரத்தில் அதில் தன் மூச்சு கேட்டது. மூச்சு கேட்கத் தொடங்கியதும் காற்று குறைவாக இருப்பதாகத் தோன்றியது. கண்ணைத் திறந்தார். திறந்ததற்கும் மூடியிருந்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சௌகரியமாகச் சாய்ந்துகொள்ளலாம் என்று கையைப் பின்னால் ஊன்றியபோது, விரல்கள் மர அடுக்குக்குப் பின்னால் போயின. அங்கே கல்லில் இன்னொரு பள்ளம் இருந்தது. அதே அளவு, அதே வழுவழுப்பு. அதைத் தாண்டி இன்னொன்று. அவர் அடுக்கைத் தோளால் நகர்த்தினார். ஒரு படம் விழுந்து உடைந்தது. முட்டி போட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே போனார். ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு முதுகு. மூலை திரும்பியும் இருந்தன. ஒன்பது வரைக்கும் அவருக்குத் தெரிந்தது. பத்தாவதோடு கையை எடுத்துக்கொண்டார். அது உயரம் குறைவாக, சின்னதாக இருந்தது.

எழுந்து கதவைத் தள்ளினார். அது அசையவில்லை.

“அம்மை, கதவு சிக்கிடுச்சு.”

வெளியே பேச்சில்லை.

“அம்மை!”

தோளைக் கொடுத்துத் தள்ளினார். இந்தக் கதவை அவர் ஒருநாளும் உள்ளிருந்து தள்ளிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வெளியே பார்த்துத் திறக்கிற கதவு ஒரு விரல் அளவு நகர்ந்து, எதன் மேலோ முட்டி நின்றது. மார்பு உயரத்தில். அந்தக் குழிகள் இருக்கிற உயரத்தில்.

“எலே பலவேசம்! என்னல பண்ணுத? திற!”

காதைக் கதவில் ஒட்டிப் பார்த்தார்.

“விளையாடாத. எனக்கு மூச்சு முட்டுது. எவ்வளவு நேரம் இப்படி? எவ்வளவு நேரம்?”

கையால் அடித்தார். பலகை கனமாக இருந்தது. அடித்த ஓசை உள்ளேயே நின்றுவிட்டது. கதவில் சாய்ந்தபடி இறங்கி உட்கார்ந்தார். நெற்றி கதவோரத்துக் கல்லில் பட்டது. பட்ட இடத்திலும் ஒரு பள்ளம் இருந்தது.

“அண்ணாச்சி,” என்றார். “அண்ணாச்சி, திறங்க.”

இரும்பு கல்லில் உரசியது.

வெளிச்சத்துக்கு வந்தபோது சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. உலகம்மை எதிர்ச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். பலவேசம் கடப்பாரையைக் கையில் பிடித்திருந்தார். அதில் முக்கால் நீளத்துக்கு எண்ணெய்க் கரி அப்பியிருந்தது.

“எவ்வளவு நேரம் ஆச்சு? ஒரு மணி நேரம் இருக்குமா?”

“அஞ்சு நிமிஷம் இருக்கும்,” என்றார் பலவேசம்.

குற்றாலிங்கம் படியில் உட்கார்ந்தார். “பலவேசம், தண்ணி கொண்டா.”

பலவேசம் கடப்பாரையைச் சாத்தி வைத்துவிட்டு, முற்றத்துக்குப் போய் அரைக் கிணற்றில் இறைத்துச் செம்பில் கொண்டுவந்தார். குற்றாலிங்கம் அண்ணாந்து குடித்தார். பலவேசம் திரும்பிப் போய், கிணற்றடி மணலை அள்ளிக் கடப்பாரையைத் தேய்க்கத் தொடங்கினார். கழுவிப் பார்த்தார். மறுபடி மணலை அள்ளினார்.

“எனக்குத் தெரியாது, அம்மை,” என்றார் குற்றாலிங்கம். “சத்தியமாத் தெரியாது. எங்க அப்பாவுக்கும் தெரியாது.”

“தெரியாதுதான்.”

“பெரியவர்னு சொன்னாங்க.”

“ம்.”

“இடிச்சிரலாம்.” அவர் எழுந்து நின்றார். “நாளைக்கே ஆளைக் கூப்பிட்டு ஒரு கல் பாக்கியில்லாம இடிச்சிருதேன். இடம் தெரியாம ஆக்கிருதேன்.”

“இடிக்கலாம். இடிச்சா உங்களுக்கு லேசாயிரும்.”

குற்றாலிங்கம் அவர் முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்தால் பிடித்துக்கொண்டு வாதாடலாம். அது இல்லை.

“அப்போ நீங்க என்னைச் சேத்துக்கிட மாட்டீங்க.”

“வீட்டைக் குடுத்துட்டு வர்றேன்னீங்க. இது குடுத்தாப் போற வீடா, வக்கீலய்யா?”

“ஆறு வருஷமா வர்றேன், அம்மை. எனக்கு வேற யாரும் இல்லை. நான் என்னதான் செய்ய? அதையாவது சொல்லிட்டுப் போங்க.”

உலகம்மை தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டார். புடவைத் தலைப்பால் கையில் இருந்த கரியைத் துடைத்தார். அது போகவில்லை.

“உள்ள இருந்து ஒண்ணு கேட்டீங்களே.”

“என்ன கேட்டேன்?”

“எவ்வளவு நேரம்னு.”

“ஆமா.”

“அதைத்தான் இங்க அடைபட்டுக் கிடந்தவங்களும் கேட்டிருப்பாங்க,” என்றார் உலகம்மை. “இந்த வீட்ல யாரும் இன்னும் பதில் சொல்லலை.”

அவர் முன்னால் நடந்தார். பலவேசம் சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனார். கூடத்தில் சமையற்காரர் யாரிடமோ எண்ணெய் கேட்டுக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கிற நேரம் ஆகியிருந்தது.

குற்றாலிங்கம் அவர்களை வழியனுப்பப் புறப்பட்டார். திறந்து கிடந்த கதவைச் சாத்தினார். திரும்பும்போது அவருடைய வலது கை தானாக உயர்ந்து, வலது குழியின் விளிம்பைத் தொட்டு, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டது.